தந்தி அதிருது... சாட்சி எங்கே?

போன மாதம் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, சட்டையின் மேல் பித்தானை அவிழ்த்துக் கழுத்தில் தொங்கிய ஒரு செப்புத் தகட்டைக் காட்டினார். பழைய ஒரு ரூபாய் நாணய அளவு. நடுவில் சுருள் சுருளாக ஏதோ கோலம்.

"நாலாயிரத்து எண்ணூறு ரூபா மாப்ளே. சுகருக்கு."

"சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா மாமா?"

முறைத்தார். "இதைச் சாப்பிட வேண்டாம். போட்டுக்கிட்டா போதும். உடம்புல அதிர்வு சரியாகும். அதிர்வு சரியாச்சுன்னா சுகர் தன்னால இறங்கிடும். மாத்திரையை விட்டுப் பதினஞ்சு நாளாச்சு."

காபி தொண்டையில் நின்றது. மாத்திரையை விட்டாச்சா? மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, 'நீங்களாவது சொல்லுங்களேன்' என்பதுபோல் ஒரு ஜாடை காட்டிவிட்டு உள்ளே போனார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா ஒரு வழவழ நோட்டீஸை நீட்டினார். அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: பிரபஞ்சத்தில் எல்லாமே அதிர்வு. இது ஸ்ட்ரிங் தியரி. விஞ்ஞானிகள் நிரூபித்த உண்மை.

"பத்திரிகையில எழுதறீங்க. விசாரிச்சுச் சொல்லுங்க. இந்த ஸ்ட்ரிங் தியரி நெஜமான சயின்ஸா, இல்லே டூப்பா? டூப்புன்னா கழட்டிடறேன். நெஜம்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சரி மாமா. அதுவரைக்கும் மாத்திரை?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

நான் பி.காம். எனக்குத் தெரிந்த தியரி எல்லாம் டெபிட்டும் கிரெடிட்டும்தான். இருந்தாலும் பந்தயத்தில் இருப்பது மாமனாரின் சர்க்கரை. ஒரு வாரம் ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

பேசாத சம்பந்திகள்

இயற்பியல் வீட்டில் இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர், 1915-ல் ஐன்ஸ்டைன் கொண்டுவந்த பொதுச் சார்பியல். கிரகம், நட்சத்திரம், காலக்ஸி போன்ற பெரிய சமாசாரங்களும் ஈர்ப்பு விசையும் அவர் இலாகா. இன்னொருவர், 1920-களில் உருவான குவாண்டம் இயற்பியல். அணு, எலெக்ட்ரான் போன்ற பொடி சமாசாரங்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

இருவருமே அவரவர் வேலையில் கில்லாடிகள். உங்கள் செல்போனில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். தப்பாமல் இருப்பதற்கு முன்னவர் கணக்கு வேண்டும். அதே போனின் சிப் வேலை செய்வதற்குப் பின்னவர் கணக்கு வேண்டும். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணத்தில் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி.

தனித்தனிப் பந்தியில் உட்காரவைக்கிற வரைக்கும் பிரச்னையில்லை. கருந்துளையின் மையம், பிரபஞ்சம் பிறந்த முதல் கணம் மாதிரி இடங்களில் மகா கனமும் மகா பொடிசும் ஒன்றாகச் சேர்கின்றன. அங்கே ஒரே பந்திதான். இருவர் கணக்கையும் சேர்த்துப் போட்டால் விடை எல்லையில்லாமல் ஓடுகிறது. கால்குலேட்டரில் ஒரு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் 'எர்ரர்' என்று வருமே, அந்த மாதிரி.

இந்தச் சம்பந்திகளைச் சமாதானம் செய்ய வந்த பஞ்சாயத்தார்தான் ஸ்ட்ரிங் தியரி. அது சொல்கிறது: "எலெக்ட்ரானைப் புள்ளி, புள்ளி என்று நினைத்ததால்தான் இத்தனை தகராறு. அது புள்ளியே இல்லை. மிக மிகப் பொடியான தந்தி."

ஒரே வீணைத் தந்தியில் 'ஸ'வும் வரும், 'ப'வும் வரும். அதுபோல ஒரே தந்தி ஒரு விதமாக அதிர்ந்தால் எலெக்ட்ரான். இன்னொரு விதமாக அதிர்ந்தால் ஒளித்துகள். வேறு விதமாக அதிர்ந்தால் ஈர்ப்பு விசையைச் சுமந்து வரும் கிராவிட்டான். பிரபஞ்சமே ஒரு கச்சேரி! நோட்டீஸ்காரர் பிடித்துக்கொண்டது இந்த ஒரு வரியைத்தான்.

ஒரு சின்ன நிபந்தனை உண்டு. நீளம், அகலம், உயரம், காலம் என்ற நமது நாலு பரிமாணங்களில் இந்தக் கச்சேரி நடக்காது. பத்துப் பரிமாணம் வேண்டும். மீதி ஆறு எங்கே? சுருண்டு கிடக்கிறதாம். தேரோட்டத்தன்று கோபுரத்து உச்சியிலிருந்து வடத்தைப் பார்த்தால் வெறும் கோடு. அந்த வடத்தின் மேல் ஊர்கிற எறும்பைக் கேளுங்கள். "முன்னே பின்னே மட்டுமில்லை சார், சுற்றியும் வரலாம்" என்று சொல்லும். நாமெல்லாம் கோபுரத்து உச்சியில் நிற்கிறோம், அவ்வளவுதான்.

டேலி ஆன கணக்கு

இந்தக் கதை தொடங்கியது தற்செயலாக. 1968-ல் கேப்ரியேல் வெனிஸியானோ என்ற இத்தாலிய இளைஞர், அணுக்கருவுக்குள் நடக்கும் மோதல்களுக்கு ஒரு சூத்திரம் தேடினார். 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் எழுதி வைத்திருந்த ஒரு சூத்திரம் அதற்குப் பொருந்தியது. ஏன் பொருந்தியது? நம்பு, நீல்சன், சஸ்கிண்ட் என்ற மூவர் தனித்தனியாக யோசித்து, "இது தந்தி அதிர்கிற கணக்கு" என்றார்கள்.

ஆனால் அணுக்கரு விஷயத்தில் 1970-களில் வேறொரு தியரி வந்து ஜெயித்துவிட்டது. தந்திக்காரர்கள் கடையைக் கட்ட வேண்டிய நிலை. போதாக்குறைக்கு, அவர்கள் கணக்கில் அழையா விருந்தாளியாக எடையே இல்லாத ஒரு துகள் வந்து வந்து நின்றது. எவ்வளவு துரத்தியும் போகவில்லை. 1974-ல் ஷெர்க், ஷ்வார்ஸ் இருவரும் அந்த விருந்தாளியின் முகத்தை நன்றாகப் பார்த்தார்கள். அட, இது கிராவிட்டான்! யாரும் கூப்பிடாமலே ஈர்ப்பு விசை குவாண்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

பத்து வருஷம் யாரும் சட்டை செய்யவில்லை. 1984-ல் மைக்கேல் கிரீனும் ஷ்வார்ஸும் ஒரு கணக்குப் போட்டார்கள். தியரியில் முரண்பாடு வராமல் இருக்க வேண்டுமானால் ஓர் இடத்தில் 496 என்ற எண் வந்தாக வேண்டும். 495 ஆகாது, 497 ஆகாது. எண்ணிப் பார்த்தார்கள். 496!

டிரையல் பேலன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் பைசா சுத்தமாக நிற்கிறபோது கணக்குப்பிள்ளைக்கு வருமே ஒரு சந்தோஷம், அதை இயற்பியல் உலகமே அனுபவித்தது. இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் ஐந்து விதமான ஸ்ட்ரிங் தியரிகள் வந்து நின்றன. 1995-ல் லாஸ் ஏஞ்சலீஸ் மாநாட்டில் எட்வர்ட் விட்டன், "ஐந்தும் ஒன்றே, அடியில் பதினோரு பரிமாணத்தில் ஒரே தியரி இருக்கிறது" என்றார். அதற்கு 'எம்-தியரி' என்று பெயர். முழுச் சமன்பாட்டை இன்றுவரை யாரும் எழுதி முடிக்கவில்லை.

இங்கேதான் என் பி.காம். மூளை கொஞ்சம் முழித்துக்கொண்டது. காமர்ஸ் படித்த எவரும் முதல் வருஷத்திலேயே ஒரு பாடம் படித்திருப்பார்கள்: டிரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு உண்மை என்று அர்த்தமில்லை. இல்லாத சரக்கை இரண்டு பக்கமும் எழுதினாலும் டேலி ஆகும். யாராவது சாவியை எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போய் மூட்டையை எண்ண வேண்டும்.

இயற்பியலில் அந்த குடோனுக்குப் பெயர் பரிசோதனை.

குடோன் சாவி

1919 மே 29. சூரிய கிரகணம். நட்சத்திர ஒளி சூரியனுக்குப் பக்கத்தில் வளையும் என்று ஐன்ஸ்டைன் சொல்லியிருந்தார். 'கொஞ்சம் வளையும்' என்று சோதிடர் மாதிரி சொல்லவில்லை. சுமார் 1.75 ஆர்க் செகண்ட் என்று எண்ணைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு டிகிரியை 3,600 துண்டாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ஆர்க் செகண்ட். இங்கிலாந்திலிருந்து எடிங்டன் குழுவினர் போய் அளந்தார்கள். ஐன்ஸ்டைன் சொன்னதுதான் பொருந்தியது.

வியன்னாவில் கார்ல் பாப்பர் என்ற 17 வயசுப் பையன் இதைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஐன்ஸ்டைன் ஜெயித்தது அவனைக் கவரவில்லை. தோற்றுப்போகத் தயாராக இருந்தாரே, அதுதான் கவர்ந்தது. பின்னாளில் தத்துவ அறிஞரான பாப்பர் அதையே இலக்கணமாக்கினார்: எது நடந்தால் நான் தப்பு என்று முன்கூட்டியே சொல்லுகிறதோ, அதுதான் அறிவியல்.

சரி, ஸ்ட்ரிங் தியரியின் குடோனுக்குப் போய் எண்ணலாம் என்றால், தந்தியின் நீளம் பொதுவாக நினைக்கப்படுகிற அளவில், புள்ளிக்குப் பிறகு 34 சைபர் போட்டு அப்புறம் ஒன்று எழுதினால் எத்தனை மீட்டரோ அத்தனை. அதை நேரே பார்க்க வேண்டுமானால் ஜெனீவா அருகே இருக்கும் எல்.எச்.சி. மோதுகருவியைவிடக் கிட்டத்தட்ட பத்துக் கோடி கோடி மடங்கு சக்தி வேண்டும். எல்.எச்.சி.யின் சுற்றளவு 27 கிலோமீட்டர். அதே காந்த பலத்தை வைத்துக்கொண்டு இந்தச் சக்திக்கு வளையம் கட்டினால், என் கணக்கில் சுற்றளவு சுமார் 2,500 ஒளியாண்டு வருகிறது. கௌதம புத்தர் காலத்தில் புறப்பட்ட துகள் இப்போதுதான் முதல் ரவுண்டை முடித்திருக்கும். டெண்டர் விட எந்த அரசாங்கமும் முன்வராது.

நேரே பார்க்க முடியாவிட்டால் போகிறது, தடயமாவது? அதற்கும் முயற்சி நடந்தது. சுருண்ட பரிமாணங்களில் சில ஒரு மில்லிமீட்டர் வரைகூடப் பெரிதாக இருக்கலாம் என்று 1998-ல் ஒரு யோசனை வந்தது. அப்படி இருந்தால் மிகக் கிட்டத்தில் ஈர்ப்பு விசை நியூட்டன் கணக்கிலிருந்து விலக வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 0.05 மில்லிமீட்டர் வரை கிட்டே போய் அளந்துவிட்டார்கள். நியூட்டன் அசையவில்லை.

அடுத்தது சூப்பர்சிமெட்ரி. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்ற கணக்கு. பத்துப் பரிமாண ஸ்ட்ரிங் தியரிக்கு இது வேண்டும். எல்.எச்.சி. ஓட ஆரம்பித்ததும் ஜோடிகள் வரிசையில் வந்து நிற்கும் என்று பலர் காத்திருந்தார்கள். 2012 ஜூலை 4-ல் ஹிக்ஸ் துகள் அறிவிக்கப்பட்டது. ஜோடிகளில் ஒன்றுகூட இதுவரை தலைகாட்டவில்லை.

அப்படியானால் ஸ்ட்ரிங் தியரி தோற்றுவிட்டதா? "இல்லையே! ஜோடிகள் எல்.எச்.சி.க்கு எட்டாத எடையில் இருக்கலாமே" என்கிறார்கள். தியரி அந்த எடையை நிர்ணயிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு எரிச்சல் வருவதும் இங்கேதான். கிடைத்திருந்தால் வெற்றி ஊர்வலம், கிடைக்காவிட்டால் தோல்வியில்லை. இந்த ஆட்டத்தில் ரெஃப்ரிக்கு என்ன வேலை?

அதைவிடப் பெரிய சங்கடம் 2000-களில் வந்தது. சுருண்ட ஆறு பரிமாணங்களை எத்தனை விதமாகச் சுருட்டலாம்? ஒவ்வொரு விதத்துக்கும் ஒவ்வொரு பிரபஞ்சம், தனித்தனி விதிகள். கணக்குப் போட்டதில், ஒன்று போட்டு ஐந்நூறு சைபர் என்ற மாதிரி எண் வந்தது. நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அத்தனை அணுக்களையும் எண்ணினால்கூட ஒன்று போட்டு சுமார் எண்பது சைபர்தான். இவ்வளவு பெரிய ஜவுளிக்கடையில் உங்களுக்குச் சரியான சட்டை ஒன்று இருக்கத்தான் செய்யும். ஆனால் அது தையல்காரர் உங்களை அளந்து தைத்த சட்டை ஆகாது.

நாலு பேர் நாலு விதம்

திட்டியவர்கள் சாமானியர்கள் இல்லை. நோபல் பெற்ற ஷெல்டன் கிளாஷோ 1986-லேயே, இது இடைக்கால மடாலயங்களின் இறையியல் ஆராய்ச்சி மாதிரி ஆகிவிடும் என்று பால் கின்ஸ்பார்குடன் சேர்ந்து எச்சரித்தார். ஃபைன்மனுக்கும் பிடிக்கவில்லை. 2006-ல் லீ ஸ்மோலினும் பீட்டர் வாய்ட்டும் ஆளுக்கொரு புத்தகம் எழுதி வெளுத்து வாங்கினார்கள். ஸ்மோலினின் மனத்தாங்கலில் ஒரு நியாயமான விஷயம் இருக்கிறது. வேலையும் பதவியும் ஒரே கட்சிக்குப் போனால், வேறு வழியில் யோசிக்கிற இளைஞன் எங்கே போவான்?

ஒரு பந்தயமும் நடந்தது. 2002-ல் ஜான் ஹோர்கன் என்ற அறிவியல் எழுத்தாளர், "2020-க்குள் ஸ்ட்ரிங் தியரிக்கோ அது மாதிரி வேறு ஒன்றுபட்ட தியரிக்கோ யாரும் நோபல் வாங்க மாட்டார்கள்" என்றார். ஸ்ட்ரிங் தியரிக்காரரான மிசியோ காக்கு "வாங்குவார்கள்" என்றார். ஆளுக்கு ஆயிரம் டாலர். 2020 வந்தது. ஜெயித்தவர் ஹோர்கன். ஸ்ட்ரிங் தியரிக்காரர்களில் நோபல் வாங்கியவர்கள் உண்டு. டேவிட் கிராஸ் 2004-ல் வாங்கினார், நம்பு 2008-ல் வாங்கினார். ஆனால் வேறு வேலைக்காக.

அதற்காக எல்லாம் வீண் என்று கையைக் கழுவவும் முடியாது. நோபல் கிடைக்காவிட்டாலும் மரியாதை குறையவில்லை. 2012-ல் முதன்முறையாகக் கொடுக்கப்பட்ட அடிப்படை இயற்பியல் பரிசு ஒன்பது பேருக்குப் போனது. ஆளுக்கு முப்பது லட்சம் டாலர். அதில் ஒருவர் அப்போது அலகாபாத் ஹரீஷ்-சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த அசோக் சென். 'ஐந்தும் ஒன்றே' என்ற முடிவுக்கு வழி போட்டதில் அவருடைய 1994-ம் வருஷக் கட்டுரைக்கு முக்கியப் பங்குண்டு.

இன்னொரு சம்பவம், எனக்கு ரொம்பப் பிடித்தது. ஐந்தாம் படிச் சமன்பாட்டால் அமையும் ஒருவிதமான வெளியில் மூன்றாம் படி வளைவுகள் எத்தனை என்று கணித மேதைகள் வெகுநாளாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1991-ல் இரண்டு கணித அறிஞர்கள் கம்ப்யூட்டரில் போட்டு 268 கோடியே சொச்சம் என்றார்கள். ஃபிலிப் கேண்டெலாஸும் கூட்டாளிகளும் ஸ்ட்ரிங் தியரியை வைத்துக் குறுக்கு வழியில் போட்டு 31,72,06,375 என்றார்கள். "இயற்பியல்காரனுக்குக் கணக்கு வராது" என்று முகத்தைச் சுளித்தவர்கள் இருந்தார்கள். சில வாரத்தில் கணித அறிஞர்களே தங்கள் கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்தார்கள். திருத்திப் போட்டால் 31,72,06,375! தப்பை ஒளிக்காமல் ஊருக்குச் சொன்னார்களே, அவர்களுக்கும் ஒரு சபாஷ்.

1996-ல் ஸ்ட்ராமிஞ்சரும் வாஃபாவும் ஒரு விசேஷ ரகக் கருந்துளையை எடுத்துக்கொண்டு, அதன் உள்விவரங்கள் எத்தனை விதமாக அமைய முடியும் என்று தந்திக் கணக்கில் எண்ணினார்கள். 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் வேறு வழியில் சொன்ன விடையே துல்லியமாக வந்தது. வானத்தில் இருக்கிற கருந்துளை அந்த ரகம் இல்லை என்பது வேறு விஷயம். 1997-ல் மால்டசேனா கண்டுபிடித்த ஓர் உறவு, அணுக்கரு மோதலில் உருவாகும் ஒருவகைக் கொதிகுழம்பைப் புரிந்துகொள்ளவும் கொஞ்சம் உதவியது.

ஆக, கருவி அபாரம். ஆனால் நல்ல சுத்தியல் வைத்திருக்கிறவர் எல்லாம் தான் சொல்கிற இடத்தில்தான் புதையல் இருக்கிறது என்று நிரூபித்தவர் ஆகமாட்டார்.

காத்திருப்பது குற்றமா?

"அறிவியலில் பொறுமை வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர், 1930-ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது நட்சத்திரங்களின் கடைசிக்காலம் பற்றிக் கணக்குப் போட்டார். கிரகணத்தை அளந்த அதே எடிங்டன் அவரைச் சபையில் வைத்து நையாண்டி செய்தார். நோபல் வந்தது 1983-ல். ஹிக்ஸ் துகளை 1964-ல் சொன்னார்கள், 48 வருஷம் கழித்துக் கிடைத்தது. ஈர்ப்பு அலையை ஐன்ஸ்டைன் 1916-ல் சொன்னார், 2015 செப்டம்பர் 14-ல் பிடிபட்டது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். வெள்ளைக் குள்ள நட்சத்திரத்துக்கு எடை வரம்பு உண்டு என்றார் சந்திரசேகர். அதை மீறிய ஒன்றை யாராவது வானத்தில் காட்டியிருந்தால் அவர் கணக்கு காலி. ஹிக்ஸ் துகள் எல்.எச்.சி.யில் கிடைக்காமல் போயிருந்தால் அந்தப் பாடப்புத்தகத்தையே திருத்த வேண்டியிருந்திருக்கும். அவர்களுக்குக் காலதாமதம் ஆனது. தோற்கிற வழி மட்டும் எப்போதும் திறந்தே இருந்தது.

2013-ல் ரிச்சர்ட் டாவிட் என்ற தத்துவ அறிஞர் ஒரு புத்தகம் எழுதினார். பரிசோதனை எட்டாத இடத்தில், 'வேறு நல்ல மாற்று தியரி கிடைக்கவில்லை', 'எதிர்பாராத இடங்களில் எல்லாம் பயன்படுகிறது' போன்ற காரணங்களையும் ஓரளவு நம்பிக்கைக்குக் கணக்கில் எடுக்கலாம் என்பது அவர் வாதம். ஜார்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் என்ற இரண்டு மூத்த விஞ்ஞானிகளுக்குக் கவலை வந்துவிட்டது. 2014 டிசம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார்கள்: இந்த விதியைத் தளர்த்தினால் அறிவியலுக்கும் மற்றதற்கும் நடுவில் இருக்கிற வேலியே போய்விடும். அடுத்த டிசம்பரில் மியூனிக்கில் இரண்டு தரப்பும் மூன்று நாள் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஒரு முடிவுக்கும் வரவில்லை.

எல்லிஸின் கவலை எனக்குச் சட்டென்று புரிந்தது. வேலியைத் தாண்டி ஒருவன் ஏற்கெனவே வந்துவிட்டான். என் மாமனாரிடம் 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டும் போய்விட்டான்.

இப்போது என் தீர்ப்பு. சும்மா ஒரு காமர்ஸ்காரன் தீர்ப்பு. அசோக் சென் மன்னிக்கட்டும். கணக்கில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒன்று உண்டு. ஒரு தொகை எதற்கு வந்தது என்று தெரியாதபோது, விவரம் கிடைக்கிற வரைக்கும் அதைத் தனியாக அங்கே எழுதி வைப்பார்கள். லாபத்திலும் சேர்க்கக் கூடாது, நஷ்டம் என்று அடிக்கவும் கூடாது. ஸ்ட்ரிங் தியரிக்கு அதுதான் இடம். அறிவியல் செய்கிறவர்கள் செய்கிற நாணயமான வேலை. ஆனால் உலகம் இப்படித்தான் என்று இன்னும் நிரூபணம் ஆகாத வேலை. அதை லாபம் என்று எழுதி டிவிடெண்ட் கொடுத்தால் தப்பு. மோசடி என்று எழுதினாலும் தப்பு.

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் வருஷக்கணக்காகத் தொடர்ந்தால் ஆடிட்டர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சிலர் தயாராகியிருக்கிறார்கள் என்பதுதான் நல்ல செய்தி. 1998-ல் பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டுபிடித்தார்கள். தள்ளுகிற சக்திக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். அது என்றென்றும் மாறாத ஒரு நிலையான அளவாக இருக்க முடியாது என்று 2018-ல் வாஃபாவும் சிலரும் ஊகம் சொன்னார்கள். ஸ்ட்ரிங் தியரிக்காரர்களிலேயே பலர் இதை ஏற்கவில்லை. ஆனால் பாருங்கள், இதில் தோற்க வழியிருக்கிறது!

அரிஸோனாவில் கிட் பீக் மலையில் டெஸி என்ற கருவி, 5,000 ஒளியிழைகளை வைத்துக்கொண்டு காலக்ஸிகளின் தூரத்தை அளந்துகொண்டிருக்கிறது. 2024-லும் 2025-லும் வந்த அதன் முடிவுகள், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் மாறிவரலாம் என்று கோடி காட்டியிருக்கின்றன. கோடிதான் காட்டியிருக்கின்றன, கண்டுபிடிப்பு என்று சொல்லுமளவுக்கு இன்னும் உறுதியில்லை. உறுதியானாலும் தந்தி நிரூபணமாகிவிடாது, மற்ற தியரிகளும் அதை விளக்கலாம். மாறாமல் நிலையாக நிற்கிறது என்று உறுதியானால் இந்த ஊகத்துக்குத்தான் சங்கடம். அப்படி ஒரு சங்கடத்துக்குக் கழுத்தை நீட்டுவதே பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை

சொன்னபடி போனேன். மாமா ஈஸிசேரில் தயாராக இருந்தார்.

"என்ன மாப்ளே, சயின்ஸா, டூப்பா?"

"ஸ்ட்ரிங் தியரி டூப் இல்லை மாமா. ஆனா நிரூபிச்சதும் இல்லை. அதைச் செய்யறவங்களே அப்படித்தான் சொல்றாங்க. அவங்க சொல்ற தந்தி ஒரு அணுவோட ஒப்பிட்டாலே கணக்கில் அடங்காத சின்னது. செப்புத் தகட்டுக்கும் சர்க்கரைக்கும் அதுக்கும் ஒரு ஸ்நானப்ராப்தியும் கிடையாது."

மாமா யோசித்தார். நான் விடவில்லை. "அந்த நோட்டீஸ்ல நம்பர் இருக்கே, ஒரே ஒரு கேள்வி கேளுங்க. சுகர் எவ்வளவு வந்தா இது வேலை செய்யலேன்னு ஒத்துக்குவீங்கன்னு."

போன் போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். அந்தப் பக்கத்துக் குரல் ரொம்ப மரியாதையாகப் பேசியது. "ஐயா, சுகர் இறங்கினா தகடு வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஏறினா, கெட்ட அதிர்வு வெளியே வருதுன்னு அர்த்தம். அப்படியே இருந்தா, உங்க நம்பிக்கை இன்னும் கொஞ்சம் பத்தலைன்னு அர்த்தம்."

மாமா போனை வைத்தார். முப்பது வருஷம் ரேஷன் கடையில் ஸ்டாக் பார்த்தவர். குடோனைத் திறந்து காட்ட மாட்டேன் என்கிறவனின் குரல் அவருக்குத் தெரியாதா?

"இவன் தோக்கவே மாட்டான் போலிருக்கே மாப்ளே."

"அதான் மாமா விஷயம்."

மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தார். 286. டாக்டர் திட்டிய திட்டு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மாத்திரை அன்றைக்கே திரும்ப ஆரம்பமானது.

தகட்டை மாமியார் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறார். போன வாரம் போனபோது நின்று பார்த்தேன். அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.